சாமுராய்க் கவசம்: கேள்வி பதில்

கேள்வி: சாமுராய்கள் மூங்கில் கவசம் அணிந்தார்களா?

பதில்: இல்லை. கெண்டோ என்னும் இன்றைய ஜப்பானிய வாள்விளையாட்டின் மார்புக்காப்பில் மூங்கில் பட்டைகள் உண்டு. குழப்பம் அங்கிருந்து வருகிறது. போர்க்கவசம் இரும்பாலும் தோலாலும் ஆனது.

கேள்வி: பழைய கவசத்தை எவ்வாறு கட்டினார்கள்?

பதில்: ஹெயான் காலத்தில் (794–1185), குதிரைமேலிருந்து அம்பெய்யும் வீரருக்காக உருவான ஓ-யோரோய் கவசத்தை எடுத்துக்கொள்வோம். கொசானே எனப்படும் சிறு செதில்களை இரும்பிலும் அடித்து இறுக்கிய பச்சைத்தோலிலும் வெட்டித் துளையிட்டு, ஒன்றின்மேல் ஒன்று பாதியளவு ஏறும்படி தோல்வாரால் கோத்து, வரிசை முழுவதற்கும் உருஷி என்னும் மரப்பாலைப் பூசுவார்கள். பூச்சு இறுகியதும் அவ்வரிசை விறைப்பான ஒரே பட்டையாகிவிடும். பட்டைகளை மேலும் கீழுமாகப் பட்டுக் கயிற்றால் பிணைப்பதற்கு ஒதோஷி என்று பெயர். முழுவதும் இரும்பானால் சுமக்க முடியாது என்பதால், உயிர்நிலைகளைக் காக்கும் இடங்களில் மட்டும் இரும்பையும் தோலையும் மாற்றி மாற்றிக் கோத்தார்கள். வில்லின் நாண் செதிலில் சிக்காதிருக்க, மார்பின்மேல் வழவழப்பான தோலைப் போர்த்தினார்கள்.

கேள்வி: அரக்கு பூசியது அழகுக்காகவா?

பதில்: அரக்கு என்று சொல்லாதீர்கள். அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. உருஷி மரத்தின் பால். ஜப்பானின் ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமலும் தோல் நீரில் ஊறி இளகாமலும் காத்தது அதுவே. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சு இறுகுவதற்கும் ஈரக்காற்றுதான் வேண்டும்.

கேள்வி: மூங்கிலும் அரக்கும் சேர்ந்த கவசம் உண்டா?

பதில்: மேலுள்ள இரு பதில்களையும் படியுங்கள்.

கேள்வி: 1543இல் ஜப்பானின் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்ததும் செதில் கவசம் வீணாகிவிட்டதல்லவா?

பதில்: துப்பாக்கியை மட்டும் காரணமாக்குவது அவசர முடிவு. நெருக்கமான பட்டுப் பின்னல் மழையில் நனைந்து கனக்கும், குளிரில் உறையும், நீண்ட படையெடுப்பில் பேன் குடியேறும். பெரும் காலாட்படைகளுக்கு விரைவாகக் கவசம் செய்துதரவும் இயலாது. ஆகவே தகடுகளை ஆணியடித்து இணைத்து, கயிற்றை இரட்டை இரட்டையாக இடைவெளி விட்டுக் கோக்கும் தோசெய்-குசோகு பரவியது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் சோதனைக் குண்டின் வடு பதிந்த மார்புத் தகடுகள் எதைக் காட்டுகின்றன?

பதில்: குண்டைத் தாங்கும் தடித்த தகட்டுக்குத் தேவை இருந்தது என்பதைக் காட்டுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி மட்டுமே காரணம் என்று அவை காட்டவில்லை. போர் ஓய்ந்த எடோ காலத்தில் (1603–1868), பகட்டுக்காகச் செதில் கவசத்தை மீண்டும் செய்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பழைய கவசங்களை எங்கே காணலாம்?

பதில்: ஜப்பானில் ஓமிஷிமா தீவின் ஓயமாசுமி ஆலயத்தில். 1613இல் ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுன் தொகுகவா ஹிதேததா இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்கு அனுப்பிய கவசங்கள் பிரிட்டனில் உள்ளன.

கேள்வி: என்னிடமுள்ள பழைய தலைக்கவசத்தில் அரக்கு உரிகிறது, எண்ணெய் தடவலாமா?

பதில்: உருஷி! எண்ணெய் வேண்டாம், மெருகுப் பசையும் வேண்டாம். வெயில் படாத, மிகவும் வறண்டுவிடாத அறையில் வைத்து, உரிந்த துணுக்குகளையும் பத்திரப்படுத்திப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.