கிற்றாருக்கு ஃபிரெட் பதிக்கத் தனிக் கருவிகள் அவசியமா?

திருகோணமலையில் தச்சுப் பட்டறைச் சாமான்களைக் கொண்டே கிற்றாரின் ஃபிரெட்டுகளை, அதாவது கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை, மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பகுதியைச் செய்யலாம், வாள் மட்டும் விதிவிலக்கு. ஃபிரெட்டின் அடிநாக்கு இறங்கும் வெட்டு ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் அகலமே இருக்கவேண்டும் என்பதால், பழைய வெட்டைச் சாதாரண வாளால் துப்புரவாக்கப்போய் அகலித்துவிட்டால், கம்பி பிடிப்பின்றி மேலெழும்பி, தந்தி அதில் உரசி இரையும். பழையதைக் கழற்ற, கடைக் குறடொன்றின் வாயை மட்டமாகத் தீட்டிக்கொண்டு, ஈயம் பற்றவைக்கும் அயனால் கம்பியை இலேசாகச் சூடேற்றி, ஓரத்திலிருந்து மெல்ல நெம்பிவர வேண்டும். அவசரப்பட்டால் பலகை சிராய் பெயரும். புதியதை அடித்து இறக்குவதற்குப் பித்தளை அல்லது நைலோன் முகச் சுத்தியலே நல்லது. கச்சான் காற்றில் பலகை வறண்டு சுருங்கும்போது விரலைக் கீறும் ஃபிரெட் நுனிகளை, ஓரத்தில் பல்லில்லாத சிறு அரத்தால் மழுக்கிவிடலாம்.