பேடர் கையெழுத்திட்ட ஸ்பிட்ஃபயர் படம் 1,800 மலேசிய வெள்ளிக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: அப்பா பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் நினைவாக ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ஓவியப் பிரிண்ட் (மூல ஓவியத்தின் அச்சுப் பிரதி) ஒன்று வாங்க நினைக்கிறேன். 1990இல் வெளிவந்ததாம். இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் கையெழுத்து இருக்கிறது, எண் 47/500 (500 பிரதிகளில் 47ஆவது), சான்றிதழும் உண்டு என்கிறார் கோலாலம்பூர் விற்பனையாளர். விலை 1,800 வெள்ளி. நம்பலாமா?
— வாசகர், பீடோங்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். பேடர் 1982 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். 1990இல் அச்சான தாளில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? அவர் முன்பே கையெழுத்திட்ட தனி அட்டையைப் படத்துக்குக் கீழே மவுண்டில் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையில்) பதித்திருக்கலாம். அப்படியென்றால் விளம்பரத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். படத்தின் தாளிலேயே கையெழுத்து இருந்தால், ஒன்று ஆண்டு தவறு, அல்லது கையெழுத்து பொய். எந்தப் பிரிண்டாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இவ்வகைப் பிரிண்டுகளில் கையெழுத்திட்ட மற்றப் போர் விமானிகளில் ஸ்டான்ஃபோர்ட் டக் இறந்தது 1987, அடால்ஃப் கேலண்ட் 1996, ஜானி ஜான்சன் 2001.

ஆண்டு பொருந்தினால் அடுத்து பென்சிலைப் பாருங்கள். இவ்வகைப் பிரிண்டுகளில் ஓவியரும் விமானியும் பெரும்பாலும் கீழ் ஓரத்து வெள்ளைப் பகுதியில் பென்சிலால்தான் கையெழுத்திடுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உண்மையான பென்சில் கோடு ஈயம் போல மினுங்கும், தாளின் மேடுகளில் மட்டும் பட்டுப் பள்ளங்களில் விட்டுவிட்டு ஓடும், அழுத்திய இடத்தில் தாள் சற்றுக் குழிந்திருக்கும். அச்சடித்த கையெழுத்தென்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், மினுக்கம் இருக்காது. ஓவியத்துக்குள்ளேயே மூலையில் தெரியும் ஓவியர் பெயர் மூலப் படத்திலிருந்து அச்சில் வந்தது. அதைக் காட்டி ‘கையெழுத்திட்ட பிரதி’ என்று விற்பவர்கள் உண்டு.

சான்றிதழை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதிலுள்ள எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒன்றா, கையெழுத்திட்டவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறதா, பதிப்பகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் தெளிவான புகைப்படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: 1/500 என்றால் 480/500ஐ விட மதிப்பு கூடுதலா? ‘ஆர்ட்டிஸ்ட் புரூஃப்’, ‘ரீமார்க்’ என்றால் என்ன?
— வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: ஆஃப்செட் அச்சில் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் வித்தியாசம் கிடையாது. எண் பிறகு கையால் போடுவது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்ட்டிஸ்ட் புரூஃப் என்பது ஓவியருக்கென ஒதுக்கும் பிரதிகள், வழக்கமாகப் பத்து விழுக்காடு அளவு. படம் அதே படம்தான். ரீமார்க் வேறு: ஓரத்து வெள்ளைப் பகுதியில் ஓவியர் தன் கையால் ஒரு சிறு படம் வரைந்து தருவது. கூடுதல் விலை கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்கலாம். ‘500 பிரதி’ என்று சொன்னால், புரூஃப், ரீமார்க், கூடுதல் விமானிகள் கையெழுத்திட்ட சிறப்புப் பிரதிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். 500 என்றது 800ஐத் தாண்டலாம்.

நம் மண்ணோடு ஒட்டிய விமானம் வேண்டுமென்றால் தேடிப் பாருங்கள். 1941 டிசம்பரில் சுங்கைப்பட்டாணித் தளத்தில் பஃபலோ போர் விமானங்கள் நின்றிருந்தன. பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயரின் கடைசிப் போர்க்காலப் பணி 1954 ஏப்ரல் 1இல் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து கிளம்பி ஜொகூர் காட்டைப் படமெடுத்ததுதான்.

கேள்வி: பிரிண்ட் குழாயில் சுருட்டி வந்திருக்கிறது. எங்களுடையது தகரக் கூரை போட்ட பழைய தோட்ட வீடு. பலகையில் ஒட்டி பிரேம் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், பீடோங்

பதில்: ஒட்டவே விடாதீர்கள். ஒட்டிய பிரிண்டைச் சேகரிப்பவர் யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டவும் விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.

குழாயை ஒருநாள் வீட்டிலேயே திறக்காமல் வையுங்கள். பிறகு கை கழுவி உலர்த்திவிட்டு எடுத்து, மேசையில் சுத்தமான தாள் விரித்து, நான்கு மூலையிலும் துணி சுற்றிய பாரம் வைத்துச் சில நாள் விடுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தக் கூடாது. ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் விரல் பட்ட இடத்தில் பிறை வடிவில் ஒரு மடிப்பு விழும். அது போகாது. இரண்டு கையாலும் எதிரெதிர் மூலையைப் பிடித்துத் தூக்குங்கள்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இது: முன்னும் பின்னும் அமிலமற்ற மவுண்ட் அட்டை. பிரிண்டை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். செலோடேப், மாஸ்கிங் டேப், இரட்டைப் பக்க டேப் எதுவும் ஆகாது. சில ஆண்டுகளில் மஞ்சள் கறை ஊறிவிடும். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமின்றி அலை அலையாக எழும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் தங்கி ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் போடுங்கள்.

மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் சமையலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். உள்சுவரில், பின்னால் நான்கு ரப்பர் பட்டன் ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் வாங்கினால் வரி? ஏமாந்துபோனால் எங்கே போவது?
— வாசகி, பீடோங்

பதில்: 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை இணையத்தில் பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டதைச் சுங்கத்துறை தனியாகக் கணக்கிடும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வழியில் நசுங்கினால் எழுதிய தொகைக்குத்தான் காப்புறுதி.

உள்ளூர் கடையிடம் ஏமாந்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் முதலாம் படிவத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, லென்ஸில் எடுத்த படம் மூன்றையும் இணையுங்கள். தன் சொந்தச் சேகரிப்பை விற்கும் தனியாள் வியாபாரி அல்ல என்பதால் அவர் மீது அங்கே போவது கடினம். வெளிநாட்டு விற்பனையாளரிடமோ கடன் அட்டையில் கட்டினால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு.