நெல்லையில் ஆறு பேர், நாலு பெரிய பெட்டி: எந்த வாடகைக் கார் எடுக்கலாம்?

கேள்வி: சென்னையிலிருந்து ரயிலில் திருநெல்வேலி வருகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. பெரிய பெட்டி நான்கு, கைப்பைகள் தனி. திருச்செந்தூர், கன்னியாகுமரி, குற்றாலம் என்று நான்கு நாள் சுற்ற வேண்டும். எர்டிகா போதுமா, இன்னோவா எடுக்க வேண்டுமா, இல்லை செல்ஃப் டிரைவ் நல்லதா?

பதில்:

பெட்டிகளை ஊர் ஊராகக் கூடவே கொண்டுபோவதாக இருந்தால் எர்டிகா போதாது, மேலே கேரியர் இல்லாவிட்டால் இன்னோவாவும் போதாது. பெட்டிகளை நெல்லையில் ஒரு ரூமில் போட்டுவிட்டுக் காலையில் போய் ராத்திரி திரும்புவதாக இருந்தால் எர்டிகாவே தாராளம். பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் டிராவல்ஸ்காரர் போனில் "அதெல்லாம் ஏறிடும் சார்" என்று சொல்லும்போது நீங்கள் திருப்பி நாலு கேள்வி கேட்க முடியும்.

முதலில் ஆள் கணக்கு. செவன் சீட்டர் என்றால் டிரைவரையும் சேர்த்து ஏழு. நீங்கள் ஆறு பேர், டிரைவர் ஒருவர், ஆக ஒரு சீட் கூட மிச்சம் இல்லை. கடைசி வரிசையிலும் ஆள் உட்கார்ந்தாக வேண்டும். அந்த வரிசை நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம்தான், மடக்கினால்தான் அது 550 ஆகும். விமானத்தில் செக்-இன் போடுகிற அளவுப் பெரிய பெட்டி ஒன்றே கிட்டத்தட்ட 100 லிட்டர் வரும். கணக்குப்படி இரண்டு ஏற வேண்டும், ஆனால் டிக்கி இடம் ஆழமில்லாமல் உயரமாக இருக்கும், பின்கதவுக் கண்ணாடி வேறு உள்பக்கம் சரிந்து வரும், அதனால் உண்மையில் ஒரு பெரிய பெட்டியும் இரண்டு மூன்று துணிப்பைகளும் ஏறினாலே அதிகம். ஏழு பேர் போகலாம், நிறைய பெட்டியும் ஏற்றலாம் என்று விளம்பரம் சொல்வது இரண்டுமே நிஜம்தான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

சின்ன கார் என்று நாம் நினைக்கிற டிசையரின் டிக்கி சுமார் 380 லிட்டர். ஏழு சீட்டும் விரித்த எர்டிகாவை விட அதில் பெட்டி கூடுதலாக ஏறும். பழைய எட்டியோஸ் இன்னும் டாக்ஸியாக ஓடுகிறது, அதில் 595 லிட்டர். டிரைவர்கள் அந்த வண்டியை விடாமல் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம். ரெனோ டிரைபர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏழு சீட்டும் விரித்தால் பின்னால் 84 லிட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தவே பாடுபட வேண்டும்.

அப்புறம் சிஎன்ஜி, அதாவது கேஸில் ஓடுகிற வண்டி. இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். டிசையர், ஆரா, எர்டிகா எதுவானாலும் டாக்ஸி என்றால் சிஎன்ஜி வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அந்தச் சிலிண்டர் பெரும்பாலும் டிக்கிக்குள்தான் படுத்திருக்கும். மேலே சொன்ன லிட்டர் கணக்கெல்லாம் அப்போது காற்றில் போய்விடும். "டிக்கில சிலிண்டர் இருக்கா அண்ணாச்சி?" என்று புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். முடிந்தால் டிக்கியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், நல்ல ஆளாக இருந்தால் அனுப்பிவிடுவார்.

சரி, இன்னோவா. இன்னோவா கிரிஸ்டாவில் எல்லா சீட்டும் விரித்திருந்தால் பின்னால் சுமார் 300 லிட்டர். எர்டிகாவை விட மேல்தான், ஆனால் நாலு பெரிய பெட்டிக்கு அதுவும் காணாது. இன்னோவா எடுப்பதில் உண்மையான லாபம் டிக்கியில் இல்லை. அகலத்திலும், கடைசி வரிசையிலும் ஒரு பெரியவர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிவதிலும், மேலே கேரியர் போட்ட வண்டி கேட்டால் கிடைப்பதிலும்தான் லாபம். நடு வரிசையில் தனித்தனி சீட் உள்ள வண்டியா, மூன்று பேர் உட்காரும் நீள சீட்டா என்றும் கேளுங்கள். நீள சீட் வண்டியில் டிரைவர் போக ஏழு பேர் போகலாம். உங்களுக்கு அதுதான் வசதி, ஏனென்றால் முன்னால் அப்பா, நடுவில் அம்மா, மனைவி, சின்னப் பிள்ளை, கடைசியில் நீங்களும் பெரிய பிள்ளையும் என்று உட்கார்ந்தாலும் கொஞ்சம் புழங்க இடம் இருக்கும்.

வயசானவர்கள் விஷயத்தில் ஒன்று. இன்னோவாவில் ஏறும் உயரம் கூடுதல். மூட்டுவலி உள்ள ஆச்சிமார் ஒவ்வொரு கோயிலிலும் ஏறி இறங்கும்போது கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். எர்டிகா தாழ்வு, உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள், டிக்கியை விட அது முக்கியம்.

கேரியரில் ஏற்றுவது என்று முடிவானால் சீசனைப் பாருங்கள். ஆனி, ஆடியில் குற்றாலம் போகிறவர்களுக்குத் தென்காசி நெருங்கும்போதே சாரல் பிடித்துவிடும். அது கொட்டாது, ஆனால் விடாது, ஜிப் வழியாக மெல்ல இறங்கி அடியில் இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் நனைத்துவிடும். தார்ப்பாய் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று புறப்படும் முன் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே மாதங்களில் கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் போனால் காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. சரியாகக் கட்டாத தார்ப்பாய் அங்கே படபடவென்று அடிக்கிற சத்தத்தில் வண்டிக்குள் பேச முடியாது. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் குரங்குகள் வேறு. கேரியரில் தின்பண்டம் இருக்கிற பையை வைத்துவிட்டு அருவிக்குப் போனால் திரும்பி வரும்போது பை ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம் கிடக்கும்.

இந்தப் பக்கத்து டிரைவர்கள் பெட்டி ஏற்றுவதைப் பார்த்தால் ஒன்று புரியும். பெரிய பெட்டியை நிமிர்த்தி, சக்கரம் உள்பக்கமாகப் போகும்படி சீட்டோடு ஒட்டி வைப்பார்கள். கைப்பிடியை அழுத்தி முழுக்க உள்ளே தள்ளுவார்கள். துணிப்பைகளை அந்தச் சந்துகளில் அடைப்பார்கள். செருப்புப் பை சீட்டுக்கு அடியில் போகும். கடைசியாகப் பின்கதவை மெல்ல இறக்கி, உள்ளங்கையால் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பெட்டி கண்ணாடியில் முட்டுகிறதா என்று. முட்டினால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடியும். "நீங்க ஆச்சியை ஏத்துங்க சார், பெட்டியை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்கிற டிரைவரிடம் அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, நாலு விறைப்பான பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டியும் மூன்று நாலு துணிப்பையுமாகக் கொண்டுவருவது. அதே துணி, அதே எடை, ஆனால் இண்டு இடுக்கெல்லாம் நுழையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெட்டிகளைச் சுமந்து திரியவே மாட்டேன். நீங்கள் சொன்ன ஊர்கள் எல்லாமே நெல்லையைச் சுற்றி வட்டமாக இருக்கின்றன. ஜங்ஷனில் இறங்கி, வண்ணார்பேட்டை பக்கமோ பாளையங்கோட்டையிலோ ரூம் போட்டுவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ரூமுக்குப் பெட்டிகள் போக எர்டிகாவோடு ஒரு ஆட்டோவும் சேர்த்துப் பிடித்தால் முடிந்தது, அந்த ஒரு நாலைந்து கிலோமீட்டருக்காக நாலு நாளும் பெரிய வண்டிக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கிலோமீட்டர், அங்கிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கடற்கரையோரமாகவே கன்னியாகுமரி சுமார் 90, திரும்ப நாங்குநேரி வழி நான்கு வழிச்சாலையில் நெல்லை 85. மொத்தம் 235 சொச்சம். இது ஏன் முக்கியம் என்றால், வெளியூர் வாடகையில் நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 250 அல்லது 300. திருச்செந்தூர் மட்டும் போய்த் திரும்பினால் 120 ஓடி 250க்குக் காசு கொடுப்பீர்கள். அப்படி ஒரே ஊர்தான் என்றால் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்கிற லோக்கல் பேக்கேஜ் எடுத்து, மேலே ஓடுவதற்குத் தனியாகக் கொடுப்பது லாபமா என்று கேட்டுப் பாருங்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு ஜோடித் துணி எடுத்துக்கொண்டு போங்கள், பெரிய பெட்டி எதற்கு?

குற்றாலம் போகிற நாள் நேராக ஆலங்குளம் வழி போகாமல் பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி பாபநாசம் போய், கடையம் வழியாகக் குற்றாலம் போங்கள். வயலும் வாழையும் ஆறுமாக அந்த ரோடே ஒரு சுகம். திரும்பும்போது ஆலங்குளம் வழி. சுற்றி வந்தாலும் 150, 160 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அருவியில் குளித்த ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் முகம் மாறும், அவர் வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. பழைய பெட்ஷீட் ஒன்றும் ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் கவர் இரண்டும் கையோடு வையுங்கள். பத்தமடையில் பாய், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், திருச்செந்தூர் போன அன்று உடன்குடி கருப்பட்டி, கடைசி நாள் அல்வா என்று திரும்பும்போது சுமை கூடத்தான் செய்யும். பாய் நீளவாக்கில் சீட்டுக்கு அடியில் போய்விடும், கவலைப்பட வேண்டாம்.

வாடகை பேசும்போது கிலோமீட்டர் ரேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். எர்டிகாவுக்கும் இன்னோவாவுக்கும் கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 250 கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய். நாலு நாளைக்கு நாலாயிரம். டிரைவருக்குத் தினப்படி பேட்டா எவ்வளவு, ராத்திரி தங்கினால் தனியா, டோல் பார்க்கிங் யார் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து திரும்ப ஷெட் வரைக்குமா இல்லை நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, எல்லாம் கேளுங்கள். நெல்லையிலேயே தங்கினால் உள்ளூர் டிரைவர் ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவார், நைட் ஹால்ட் பேச்சே வராது. குற்றாலத்திலிருந்து பாலருவி பக்கம்தானே என்று தோன்றும், ஆனால் அது ஆரியங்காவு பக்கம், கேரளா. பெர்மிட் இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு "இன்னோவா மாதிரி வண்டி" என்று சொல்லிவிட்டுக் காலையில் ஆடிப்போன ஒரு பழைய வண்டியை அனுப்பினார்கள், ஆகவே "மாதிரி" என்று யாராவது சொன்னால் எந்த வண்டி, எந்த வருஷம், நம்பர் என்ன என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்ஃப் டிரைவ் பற்றிக் கேட்டீர்கள். டிக்கி கணக்கில் மட்டும் பார்த்தால் உங்களுக்கு அதுதான் பொருந்தும், டிரைவர் சீட்டில் நீங்களே உட்கார்வதால் ஆறு பேருக்கு ஏழு சீட், எர்டிகாவின் கடைசி வரிசையில் பாதியை மடக்கிவிட்டு அந்தப் பாதியில் பெட்டி அடுக்கலாம், மீதிப் பாதியில் பெரிய பிள்ளை. ஆனால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். செல்ஃப் டிரைவுக்கு முறையாகப் பதிந்த வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பிளேட் வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த ஓன் போர்டை, "நம்ம பையன் வண்டிதான், ஓட்டிட்டு வாங்க" என்று வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஏதாவது இடித்தால், வாடகைக்கு விட்ட வண்டி என்று தெரிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், குடும்பத்தோடு போகும்போது அந்த வம்பு வேண்டாம். கறுப்புப் பிளேட் வண்டி கிடைத்தால் எடுங்கள், எடுக்கும்போது சுற்றி நடந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்து, பெட்ரோல் முள்ளையும் மீட்டரையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.

எந்த மாசம் என்று நீங்கள் எழுதவில்லை. பங்குனி உத்திரத்தன்று எங்கள் பக்கம் ஆளாளுக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குப் பொங்கல் பானையோடு கிளம்பிவிடுவார்கள், அன்றைக்கு வாடகை வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐப்பசியில் கந்த சஷ்டி சமயம் திருச்செந்தூரில் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அப்பா அம்மாவை அங்கிருந்து நடத்திக் கூட்டிப்போக முடியுமா என்று யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் குற்றாலத்தில் குளிக்கத் தடை போடுவதும் சாதாரணம், அதனால் குற்றாலத்தை முதல் நாளிலேயே வைக்காமல் இரண்டாவது, மூன்றாவது நாளுக்குத் தள்ளி வையுங்கள், டிரைவரிடம் அன்றன்று காலையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.