இயற்கை வைரம் என்று விற்றார்கள், வந்தது ஆய்வகக் கல்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: திருமண நாளுக்காக இணையக் கடையில் 4,800 வெள்ளிக்கு 0.70 கேரட் மோதிரம் வாங்கினேன். ‘இயற்கை வைரம், ஜிஐஏ அறிக்கை உண்டு’ என்று போட்டிருந்தது (ஜிஐஏ, வைரங்களின் தரத்தை ஆராய்ந்து அறிக்கை தரும் அமைப்பு). விரலுக்குப் பெரிதாக இருந்ததால் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கருவியில் வைத்துப் பார்த்து, ஆய்வகத்தில் வளர்த்த கல் என்றார்கள். விற்றவரோ, ‘அதுவும் அசல் வைரம்தான், விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை’ என்கிறார். மோதிரம் வந்து மூன்று வாரமாகிறது. (வாசகர், ஈசூன்)

பதில்: மோதிரத்தின் அளவை மாற்றக் கொடுக்காதீர்கள். வளையத்தை வெட்டி ஒட்டிவிட்டால், பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக விற்றவர் வாதாடலாம். அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அதோடு போய்விடக்கூடும். நாள் கடத்தினாலும் அதே ஆபத்துதான்.

ஆய்வகக் கல்லும் கார்பன்தான், அதனால் ‘அசல் வைரம்’ என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. உங்களுக்கு விற்கப்பட்டது ‘இயற்கை’ என்ற சொல். சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். ‘திரும்ப வாங்குவதில்லை’ என்று எழுதிவைத்து ஒரு பயனீட்டாளரிடம் இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கடையின் இணையப் பக்கத்தில் வெறும் ‘உண்மையான வைரம்’ என்று மட்டும் இருந்திருந்தால் உங்கள் நிலை இவ்வளவு வலுவாக இராது.

ஆகவே அந்தப் பக்கம்தான் உங்கள் முதல் சாட்சி. விற்றவர் நாளையே அதை மாற்றிவிடலாம். முகவரியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் இப்போதே படம்பிடித்து வையுங்கள். ஆர்டர் மின்னஞ்சல், விலைச்சீட்டு, உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்த சாட்சி கல். ஜிஐஏ தளத்தில் அறிக்கை எண்ணைப் போட்டுப் பாருங்கள். அறிக்கை உண்மையாக இருந்து கல் மட்டும் வேறாக இருப்பதும் உண்டு. அறிக்கையில் கல்லின் அளவு மில்லிமீட்டரில் இரண்டு தசம இடம் வரை இருக்கும், அதை ஒப்பிடுங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால் பத்து மடங்கு லென்ஸில் தேடிப் பாருங்கள். ஐஜிஐ என்ற இன்னொரு ஆய்வு அமைப்பின் எண் ‘எல்ஜி’ (LG) என்று தொடங்கினால் அது ஆய்வகக் கல். கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும் போதாது, ரத்தின ஆய்வுக்கூடத்தில் எழுத்து மூலமாக அறிக்கை வாங்குங்கள். கல்லைக் கழற்ற விடாதீர்கள், கழற்றினால் ‘மாற்றிவிட்டீர்கள்’ என்பார் விற்றவர். கையில் கிடைத்து 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாக, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன் சட்டம்’ அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு.

பக்கத்தைச் சேமித்த கையோடு, ‘விவரிப்புக்கு ஒவ்வாததால் மோதிரத்தை நிராகரிக்கிறேன், 14 நாளில் முழுப் பணமும் வேண்டும்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆய்வறிக்கை வந்ததும் அதையும் அனுப்பலாம். கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையைப் போடுங்கள். அதற்கு வங்கி கெடு வைத்திருக்கும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு உள்ள நல்ல வழி இதுதான்.

இங்குள்ள நிறுவனமென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேசலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் தொகை 10 வெள்ளி. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக இணையத்திலேயே பதியலாம், அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. பலர் தடுமாறுவது எதிர்த்தரப்பின் பெயரில்தான். இணையக் கடையின் பெயர் வேறு, பதிவான நிறுவனத்தின் பெயர் வேறு. விலைச்சீட்டில் உள்ள யூஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணை, நிறுவனங்களைப் பதியும் அக்ரா அமைப்பின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடி, அங்கு வரும் பெயரையே போடுங்கள். மன்றம் போகுமுன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும் புகார் செய்து பார்க்கலாம்.