தூண்டிலில் கட்டும் பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னிச் செய்த நூல்) முடிச்சிலேயே போய்விடுகிறதா?

நரம்பை மாற்ற வேண்டாம், முடிச்சை மாற்றுங்கள். 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டில், நைலான் தங்கூசிக்குப் போடும் அதே கிளிஞ்ச் முடிச்சைப் போட்டதாகவும், மீன் இழுத்ததும் லூரோடு (செயற்கை இரையோடு) போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாலோமர் என்ற முடிச்சைப் போட்டுப் பாருங்கள். இரட்டை நரம்பாக லூரின் வளையத்தில் நுழைவதால் பிடி அதிகம்.

பெரும்பாலும் வழுக்கல்தான் காரணம். பிரெய்டு என்பது டைனீமா வகை நூல். மளிகைக் கடைப் பை செய்யும் பாலிஎத்திலீனின் அண்ணன். மிக நீண்ட மூலக்கூறுகளை ஒரே திசையில் படியவைத்து இழுப்பதால், எடைக்கு எடை எஃகையே மிஞ்சும். ஆனால் மேல்பரப்பில் பிடிப்பே கிடையாது. நைலான் கொஞ்சம் நீண்டு, நசுங்கித் தன்னையே கவ்விக்கொள்ளும். பிரெய்டு கவ்வாது.

உறுதிப்படுத்த, லூர் போனபின் மிஞ்சிய நரம்பு முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது. பஞ்சு மாதிரி பிரிந்திருந்தால் எங்கோ உரசி அறுந்திருக்கிறது. அப்படியென்றால் தூண்டில் கம்பின் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும்.

முடிச்சை நனைத்துவிட்டு இறுக்குங்கள். முனையை லைட்டரால் சுடுவது வேண்டாம். பிரெய்டு 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும், சூடு முடிச்சுக்கும் ஏறிவிடும். அரை சென்டிமீட்டர் வால் விட்டு வெட்டினால் போதும்.

அப்புறம், சிக்கிய நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். விரலில் இறங்கினால் கத்திதான், என் சுண்டுவிரலில் தழும்பு இருக்கிறது.