முடக்கிய பக்கம் சுருக்கு இணைப்பாகத் திரும்பி வருவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் இளைஞர் குழுவின் செயலாளராக இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு இப்போது ஆண்டு முழுவதும் ஓடுகிறது. எல்லோரும் அண்ணா என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் சில வாரங்களாக அதில் சுருக்கிய இணைப்புகளைப் போட்டு வருகிறார். தட்டினால் ஒரு டெலிகிராம் சேனல் திறக்கிறது. பக்கத்துப் பகுதியில் இருப்பவர்களை வேறு இனம் என்பதற்காகவே அடித்து விரட்டச் சொல்லும் வீடியோக்கள் அதில் இருக்கின்றன. அந்த ஆட்களின் பக்கத்தைப் பேஸ்புக் முன்பே முடக்கிவிட்டது. பிறகு எப்படி எங்களிடம் வந்து சேர்கிறது? நான் என்ன செய்வது?

பதில்: பேஸ்புக் முடக்கியது பேஸ்புக்கில் இருந்த கணக்கை மட்டும்தான். அத்துடன் அவர்களுடைய இணையதளம் அல்லது சேனலின் முகவரியையும் தடைப்பட்டியலில் சேர்த்திருக்கலாம். பட்டியலில் உள்ள முகவரியை யாராவது பதிவில் ஒட்டினால் தளம் அதை ஏற்காது. சுருக்கு இணைப்பு தாண்டுவது இந்த இரண்டாவது தடையைத்தான். பதிவில் கண்ணுக்குத் தெரிவது பிட்லி, டைனியூஆர்எல் போன்ற ஒரு சேவையின் முகவரி; தட்டியதும் அந்தச் சேவை உண்மையான முகவரிக்குத் திருப்பிவிடும். செய்தி நிறுவனங்களும் கடைகளும் தொண்டு அமைப்புகளும் நாள்தோறும் பயன்படுத்தும் முகவரி அது. அதை அடியோடு தடுக்கப் பெரும்பாலான தளங்கள் துணிவதில்லை.

தளங்கள் இதை அறியாதவை அல்ல. ட்விட்டர் (இப்போது எக்ஸ்), தன்னிடம் பதிவாகும் இணைப்புகளை எல்லாம் 2011 முதல் தன் சொந்தச் சுருக்கு முகவரி வழியாகவே அனுப்பி, போய்ச் சேரும் இடம் ஆபத்தானதா என்று பார்க்கிறது. பேஸ்புக்கின் தானியங்கி நிரல்களும் இணைப்பைத் தொடர்ந்து சென்று பார்க்கும். அதனால் தீவிரவாதக் குழுக்கள் ஒரு சுருக்கு இணைப்புக்குள் இன்னொன்றைப் பொதிந்து வைக்கின்றன. சோதிக்க வரும் நிரலுக்குச் சாதுவான ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொன்றையும் காட்டுகின்றன. இந்த இரட்டை வேடத்துக்கு எதிராக நடவடிக்கை எடுப்பதாகப் பேஸ்புக் 2017 ஆகஸ்டிலேயே அறிவித்தது. தந்திரம் இன்னும் ஓயவில்லை.

வாட்ஸ்அப்பில் டெலிகிராம் முகவரியை நேராகவே போடலாமே, எதற்குச் சுருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். மறைப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய வசதி, பல சேவைகளில் இணைப்பை மாற்றாமல் அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றலாம் என்பது. 2017இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் நடந்த வன்முறைக்குப் பிறகு, டெய்லி ஸ்டார்மர் என்ற நவநாஜி தளத்தை இணைய முகவரிப் பதிவு நிறுவனங்கள் அடுத்தடுத்து வெளியேற்றின. அது முகவரியை மாற்றிக்கொண்டே அலைந்தது. இப்படி அலைகிறவர்களுக்குச் சுருக்கு இணைப்பு, வீடு மாறினாலும் மாறாத தபால்பெட்டி எண் மாதிரி. சேனல் மூடப்பட்டால் புதிய சேனலை இணைப்பின் பின்னால் மாட்டிவிடுவார்கள். உங்கள் குழுவில் போன மாதம் விழுந்த பழைய செய்தி தானாகவே புதிய இடத்துக்கு வழிகாட்டும்.

இன்னொன்றும் உண்டு. எத்தனை பேர் தட்டினார்கள், எந்த நாட்டிலிருந்து, எந்த நேரத்தில் என்ற கணக்கை இந்தச் சேவைகள் இணைப்பை உருவாக்கியவருக்குக் கொடுக்கின்றன. விளம்பரக்காரர்களுக்காக ஏற்பட்ட வசதி இது. என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தட்டியவரும், கண்டிப்பதற்காகத் தட்டியவரும், ஏன், நீங்களும் அந்தக் கணக்கில் ஒரு எண்தான்.

இந்த வழக்கம் புதிதன்று. 2015 நடுப்பகுதியிலிருந்து ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை, பெரும்பாலும் ஐஎஸ் அமைப்பைச் சார்ந்தவற்றை, முடக்கியதாக 2016 பிப்ரவரியில் ட்விட்டர் சொன்னது. ஐஎஸ் ஆதரவாளர்கள் டெலிகிராமுக்கு நகர்ந்தார்கள். ஒரே வீடியோவைப் பல கோப்புத் தளங்களில் ஏற்றி, அந்த முகவரிகளை ஒரு பக்கத்தில் தொகுத்து, அந்தப் பக்கத்தின் இணைப்பை மட்டும் பெரிய தளங்களில் தூவினார்கள். வீடியோவைத் தடுக்கப் பெரிய நிறுவனங்களிடம் நல்ல கருவி இருக்கிறது: கோப்பின் எண்முறைக் கைரேகையைப் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுப்பு. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பிந்தைய 24 மணி நேரத்தில் அந்தத் தாக்குதல் வீடியோவின் 15 லட்சம் பிரதிகளைப் பேஸ்புக் நீக்கியது; அவற்றில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. ஆனால் இணைப்பு என்பது சில எழுத்துகள் மட்டுமே. வீடியோவின் கைரேகை அதில் இருக்காது.

வாட்ஸ்அப்பில் நிலைமை இன்னும் கடினம். செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால் நிறுவனத்தாலேயே அவற்றைப் படிக்க முடியாது. இணைப்போடு வரும் படமும் தலைப்பும் அனுப்பியவரின் தொலைபேசியில் உருவானவை, அவற்றை நம்பாதீர்கள். உங்கள் குழுவுக்கு வாசற்காவல் நீங்கள்தான்.

தட்டாமலேயே இடத்தை அறிய முடியும். செய்தியை அழுத்திப் பிடித்து முகவரியை நகலெடுங்கள். பிட்லி இணைப்பின் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்தால், அங்கே போகாமலேயே விவரப் பக்கம் திறக்கும். டைனியூஆர்எல் முகவரிக்கு முன்னால் ப்ரிவ்யூ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்தால் (preview.tinyurl.com) போதும். மற்றவற்றை வைரஸ்டோட்டல் போன்ற, இணைப்புகளைச் சோதிக்கும் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். இன்று கண்ட இடம் நாளையும் அதுவாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

புகாரைப் பலர் டெலிகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் போக வேண்டியது சுருக்கும் சேவைக்கு என்பது என் கருத்து. முறைகேட்டைத் தெரிவிக்கும் படிவம் பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. சேனலை மூடினால் அவர்கள் வேறு சேனலைக் கோத்துவிடுவார்கள்; சுருக்கு இணைப்பையே முடக்கினால் எத்தனை குழுக்களில் அது பரவியிருந்தாலும் அத்தனையும் ஒரே நொடியில் செத்துப்போகும். அவர்களுக்கு வசதியாக இருந்த ஒற்றை முகவரியே பலவீனமும் ஆகிறது. (பிட்லி முகவரியின் (bit.ly) கடைசி இரண்டு எழுத்துகள் லிபியாவின் நாட்டுக் குறியீடு. 2010இல் அதே குறியீட்டில் இயங்கிய வேறொரு சுருக்கும் சேவையின் முகவரியை லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. அத்துடன் அதன் இணைப்புகளும் போயின.) நம் நாட்டில் ரியல்411 தளத்திலும் வெறுப்புப் பேச்சு, வன்முறைத் தூண்டல் பற்றிப் புகார் செய்யலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவே, உடனடி வன்முறையைத் தூண்டுவதற்கும் இன, மத வெறுப்பைக் கிளறித் தீங்கு செய்யத் தூண்டுவதற்கும் அந்த உரிமை இல்லை என்கிறது. 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள இணையக் குற்றச் சட்டப் பிரிவுகளின்படி, வன்முறையைத் தூண்டும் நோக்கத்துடன் குழுவுக்குச் செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் அண்ணா யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடுகிறவராக இருக்கலாம். முதலில் தனியாகப் பேசுங்கள். குழுவில் வைத்து அவமானப்படுத்தினால் பேச்சு இணைப்பைப் பற்றியதாக இருக்காது, மரியாதையைப் பற்றியதாகிவிடும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது வதந்திகளும் குரல் பதிவுகளும் ஓடிய வேகம் உங்களுக்குத் தெரியும். டர்பனை அடுத்த பீனிக்ஸில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். அதை அவருக்கு நினைவூட்டலாம்.

கேட்காவிட்டால் நிர்வாகி என்ற முறையில் செய்தியை எல்லோருக்கும் நீக்குங்கள், நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி சில நாள் மாற்றி வையுங்கள். நீக்குவதற்கு முன் அனுப்பியவரின் எண், தேதி, முழு இணைப்பு ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட இடம், நாள், ஆள் என்று சொல்லி மிரட்டும் வீடியோ வந்தால் அண்ணாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டுடன் காவல் நிலையத்துக்குப் போய் வழக்கு எண் வாங்குங்கள்.