கெபியும் கொட்டுச் சத்தமும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். என் மகன் அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கிறான். சென்ற அக்டோபரில் நானும் மனைவியும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். பாதிரியார்கள் தொடங்கிய கல்லூரி, மாதாவின் பெயர் வேறு, அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் போன வார இறுதியில் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் கொட்டு முழக்கம். மறுநாள் காலையிலேயே எங்கு பார்த்தாலும் கார்கள், அடுப்புப் புகை, இறைச்சி வாசனை, கையில் பீர் டின். மாலையில் அதே பச்சைச் சட்டைக்காரர்கள் கோயிலில் முழங்காலில் நிற்கிறார்கள்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் கணிதம் நடத்தியவன் நான். பிள்ளைகளின் கவனம் எப்படிச் சிதறும் என்று தெரியும். ஒரு கல்விக்கூடத்துக்கு இதெல்லாம் தேவையா? நீங்கள் அந்தப் பக்கத்தில் பல வருஷமாக இருக்கிறவர், கத்தோலிக்கரும்கூட. அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் ‘அதே பச்சைச் சட்டைக்காரர்கள்’ என்ற இடத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். உங்களுக்கு விளங்காமல் போனது அது. எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

நான் தூத்துக்குடிக்காரி. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை எங்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. வெளியே ராட்டினமும் வளையல் கடையும் ஒலிபெருக்கியும். உள்ளே அதே ஜனம் மாதா முன்னால் நின்று அழும். என் அம்மா மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே ஜெபமாலை சொல்வார். எனக்கு இரண்டும் ஒரே திருவிழாதான். நோட்டர் டேமுக்கு முதல் தடவை போனபோதும் அப்படித்தான் இருந்தது. பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நடந்தபோது, நம்மூர் வந்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கல்லூரி வாசலையே மிதிக்காத ஏராளமானோர் மூன்று நான்கு தலைமுறையாக இந்த அணியைத் தங்கள் அணி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் தாத்தாக்கள் அயர்லாந்திலிருந்தும் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்து ஆலையிலும் ரயில் பாதையிலும் உழைத்த கத்தோலிக்கர்கள். அன்றைய அமெரிக்காவில் கத்தோலிக்கர் என்றால் இளக்காரம், சந்தேகம். இந்தியானாவில் 1920களில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு எவ்வளவு பலமாக இருந்தது என்பதை இன்று நினைத்தாலும் திகைப்பாக இருக்கிறது. கறுப்பின மக்களையும் யூதர்களையும் போலவே கத்தோலிக்கர்களும் அவர்களுக்கு ஆகாதவர்கள்.

1924 மே மாதம் க்ளான் ஆட்கள் பக்கத்து ஊரான சவுத் பெண்டில் பெரிய கூட்டம் போட வந்தார்கள். நோட்டர் டேம் மாணவர்கள் ஊருக்குள் போய் அவர்களை மறித்தார்கள். க்ளான் அலுவலகத்தின் ஜன்னலில் மின்விளக்குகளால் ஒரு சிலுவை எரிந்துகொண்டிருந்தது. பையன்கள் கடையிலிருந்து உருளைக்கிழங்கை அள்ளி வந்து அந்த பல்புகளைக் குறிபார்த்து எறிந்தார்கள். வன்முறையை நான் மெச்சவில்லை. ஆனால் சிலுவையை வெறுப்பின் அடையாளமாக ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே ஆண்டு அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பயிற்சியாளர் நூட் ராக்னி நார்வேயில் பிறந்தவர், லூத்தரன் குடும்பத்துக்காரர். 1925இல்தான் கத்தோலிக்கர் ஆனார். ‘ஃபைட்டிங் ஐரிஷ்’ (சண்டைக்கார ஐரிஷ்காரர்கள்) என்று மற்றவர்கள் ஏளனமாகச் சொல்லிவந்த பெயரை 1927இல் கல்லூரித் தலைவர் பாதிரியார் மேத்யூ வால்ஷ் அணியின் பெயராகவே ஏற்றுக்கொண்டார். ஆலைத் தொழிலாளிகள் தங்களை யாரும் தலைநிமிர விடாத காலத்தில் சனிக்கிழமைதோறும் தலைநிமிர்ந்தது இந்த அணியால். நீங்கள் பார்த்த புகைக்கும் கொட்டுக்கும் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, படிப்பு. 1925 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை வென்ற பிறகு, பருவம் முடிந்து நடக்கும் அந்தப் பெரிய ஆட்டங்கள் எதிலும் நோட்டர் டேம் 45 வருஷம் ஆடவே இல்லை. படிப்பு கெடும், தேர்வு வரும் என்று நிர்வாகமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. எவ்வளவு பணமும் பெயரும் வேண்டாமென்று விட்டிருப்பார்கள்! 1970இல் மறுபடி போனபோது அந்த வருமானத்தைச் சிறுபான்மை மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்கினார்கள். 1991 முதல் ஆட்டங்களை ஒளிபரப்ப என்பிசி தொலைக்காட்சி தரும் பணத்தில் ஒரு பகுதியும் மாணவர் உதவித்தொகைக்குப் போயிருக்கிறது. ஆட்ட நாள் காலையில் பேராசிரியர்கள் பொது உரை நடத்தும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. உள்ளூர் ஆட்டங்கள் வருஷத்துக்கு ஆறோ ஏழோதான். உங்கள் மகன் மேற்படிப்பு மாணவர். அவருடைய கவனத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

எனக்கும் மனக்குறை உண்டு. காலையிலேயே தொடங்கும் குடி எனக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் விலையும் அப்படித்தான். எந்த ஜனத்தால் இந்த அணி வளர்ந்ததோ, அந்த மாதிரிக் குடும்பம் ஒன்று இன்று நான்கு பேராக உள்ளே போய் உட்கார முடியுமா? யோசித்துத்தான் போக வேண்டும். இதை அங்கே இருக்கிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், வருத்தத்தோடுதான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க ஆண்கள் சங்கத்தின் கட்டிடத்துக்கு முன்னால் பெரியவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு இறைச்சி சுட்டு ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். விற்ற பணம் தர்மத்துக்கு. வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கன்னத்தில் பச்சைச் சாயம் பூசியிருந்தார், மழையில் அது கழுத்துவரை வழிந்திருந்தது. தோளில் சின்னப் பையன். அன்றைக்கு அணி தோற்றது. ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் பேராலயத்தில் திருப்பலி. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டால் ஞாயிறு கடன் தீர்ந்தது, அதனால்தான் நீங்கள் பார்த்த அந்தக் கூட்டம். பூசை முடிந்து பின்னால் இறங்கி நடந்தால் லூர்து கெபி, குகை மாதிரிக் கட்டிய மாதா சந்நிதி.

பிரான்சில் லூர்து நகரில் இருக்கும் கெபியில் ஏழில் ஒரு பங்கு அளவு. மெழுகுதிரித் தட்டுகளின் பக்கத்தில் போனால் முகத்தில் அனல் அடிக்கும், கல்லெல்லாம் கரி படிந்திருக்கும். அங்கே அந்த மனிதரை மறுபடி பார்த்தேன். பையனைக் கீழே இறக்கி, அவன் கையைப் பிடித்துத் திரி ஏற்றவைத்தார். பையன் ஏதோ கேட்டான். அவர், “பாட்டிக்கு” என்று மட்டும் சொன்னார். சாயம் வழிந்த அந்த முகத்தில் அப்போது ஆட்டமும் இல்லை, தோல்வியும் இல்லை. நான் அவருக்குப் பின்னால் நின்று என் அம்மாவுக்கு ஒரு திரி ஏற்றினேன்.

நோட்டர் டேமின் அந்தக் கெபியை ஆசீர்வதித்துத் திறந்தது 1896 ஆகஸ்ட் 5. எங்கள் பனிமய மாதாவின் திருநாள்! இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று இரவே தூத்துக்குடிக்கு போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். உங்கள் திருச்சியிலும் தெப்பக்குளத்துக்கு எதிரே லூர்து மாதா கோயில், அதை ஒட்டித் தூய வளனார் கல்லூரி. நீங்கள் எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். அதை ஒட்டிய நாட்களில் ஒரு மாலை உள்ளே போய்ப் பாருங்கள், முடிந்தால் உங்கள் வீட்டம்மாவையும் அழைத்துப் போங்கள்.

அப்புறம் மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நள்ளிரவில் தங்கக் குவிமாடக் கட்டிடத்தின் முன்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் தூரத்தில் கேட்ட கொட்டு அங்கேதான் அடிக்கிறார்கள், கிட்டே நின்றால் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும். நவம்பர் என்றால் குளிர் எலும்பைத் துளைக்கும், நல்ல ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு போகட்டும். என் மின்னஞ்சல் முகவரியை அவருக்குக் கொடுங்கள். ஆட்டத்துக்கு நாங்கள் வரும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்.